ஆந்தைப் பெட்டியை நான் இறக்காத காரணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை உன் குரல் மட்டும்தான் காதில் விழுந்தது, சொன்ன விஷயம் விழவில்லை. இரண்டாவது தடவை விஷயம் புரிந்தது. மூன்றாவது தடவை உன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, நான் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் பின்னால இருக்கற அந்த ஆந்தைப் பெட்டிய எடுத்துருங்கப்பா. அத்தை ரொம்ப பயப்படறாங்க. எனக்கும் மனசு ஒரு மாதிரி இருக்குலா. எடுக்க முடியலன்னா சொல்லுங்க, நான் இங்க ஜொகூர்லயே பெத்துக்கறேன்." கேட்டு முடித்ததும் உன் அம்மா எழுந்துபோய், உனக்காக முன்னறையில் போட்டிருக்கிற புதுக் கட்டிலின் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது முறை. வளைகாப்பு முடிந்து இன்னும் மூன்று வாரத்தில் நீ வருவதாகப் பேசி வைத்திருந்தோம். நீ பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷத் தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அந்தப் பறவை வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போனது. நீ ஊருக்குத் திரும்பிய மறு வாரமே அப்போது உன் வயிற்றிலிருந்த கரு தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஒரு தடவை வேலை என்றாய், ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள்தான் பஸ் ஏறி வந்து உன்னைப் பார்த்தோம். உண்மையான காரணம் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கேட்கிற தைரியம்தான் இரண்டு பேருக்கும் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பெட்டியை இப்போது இறக்க மாட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம், பெற்ற பெண்ணைவிடப் பறவை பெரிதாகப் போய்விட்டது என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபத்தோடாவது இதை முழுசாகப் படித்துவிடு. போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நீ அழுவாய், நான் இருமிக்கொண்டே பேச்சை மாற்றுவேன், அப்புறம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். நம் வீட்டுப் பேச்செல்லாம் அப்படித்தான் முடிகிறது.

உன் பேச்சைக் கேட்ட மறுநாள் காலையில் நான் முதலில் தேடியது ஏணியைத்தான். அது நம் பெட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும். பின்னால் இருக்கிற வயல் பக்கத்து வீட்டு பாக் மானுடையது. எலி வந்து நெல் தண்டுகளைக் கடித்துச் சாய்க்கிறது என்று, எலி தின்னும் ஆந்தைக்காக அவர் பலகையில் பெட்டி அடித்தார். கம்பத்தில் அதை ஏற்றிக் கட்டியபோது கயிறு பிடித்தவன் நான். ஆகவே அவரிடம் போய், தயங்கித் தயங்கி, மகள் பிரசவத்துக்கு வருகிறாள், இந்த மாதிரி ஒரு பயம் என்று மலாயில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எடுத்துடு அண்ணே. மகள் பெரிசா, நெல் பெரிசா? எலி தின்னது போக மிச்சம் எனக்குப் போதும்" என்றார். தன் வீட்டு ஏணியையே தோளில் தூக்கி வந்து, வெயிலில் நின்று பிடித்துக்கொண்டார். சொந்த அண்ணன் தம்பிகூட இப்படிச் சொல்ல ஒரு நாள் யோசிப்பான். அந்த மனிதருக்கு இந்த வயலைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

ஏறினேன். என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும், ஒவ்வொரு படிக்கும் அது தனியாக ஒரு விண்ணப்பம் கேட்கும். மேலே போய்த் துவாரத்தில் கண்ணை வைத்தேன். உள்ளே நாலு குஞ்சுகள். ஒன்றைவிட ஒன்று சின்னதாக, வரிசையாக, பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிறுத்தி வைத்த பிள்ளைகள் மாதிரி நின்றன. ஆப்பிளை நெடுக்கே அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி வெள்ளை முகம். என்னைப் பார்த்ததும் நாலும் சேர்ந்து, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரு சீறல். நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். பெட்டியை அவிழ்க்காமலே கீழே இறங்கினேன். "குஞ்சு இருக்கு" என்றேன். பாக் மான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவை பறக்க இன்னும் ஐந்து வாரமாவது ஆகும். நீ வர இருப்பது மூன்று வாரத்தில்.

குஞ்சு இருந்தால் என்ன, வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அதை ஒரு தடவை செய்து பார்த்தவன் நான். சில நாள் முன்பு வரை யாரிடமும் சொன்னதில்லை.

கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் நான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த காலம். உனக்கு ஐந்து வயதாகும்போது அங்கிருந்து கிளம்பிவிட்டோம், நாம் இருந்த வரிசை வீட்டு லயமும் பின்னால் ஓடிய வாய்க்காலும் மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழத்தை எலி கொறித்து வீணாக்குகிறது என்று அப்போதுதான் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகள் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று நம் லயத்துக்குப் பின்னாலேயே வந்தது. உன் அம்மா உன்னைச் சுமந்து ஆறு மாதம். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா ஒரு நாள் வழிமறித்து, "தம்பி, அது சாக்குருவிடா. புள்ளத்தாச்சி தலைக்கு மேல கத்தக் கூடாது. மண்டோரா இருந்து என்னா பிரயோஜனம், ஒரு பெட்டிய நவுத்த முடியல உன்னால?" என்றார். அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன் அம்மா மேல் இருந்த பாசத்தில் சொன்னார். எனக்குப் பயம் பாதி, மண்டோர் என்ற வார்த்தை குத்தியது பாதி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

மறுநாள் காலைப் பிரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்து அனுப்பிவிட்டு, தனியாக வந்து பெட்டியை அவிழ்த்தேன். உள்ளே ஐந்து குஞ்சுகள். அப்படியே தோளில் வைத்து, செம்பனை வரிசைகளின் ஊடாக நடந்து, தோட்டத்தின் எல்லையில் ஒரு வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் வைத்துவிட்டு வந்தேன். தாய்ப்பறவை தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். எறும்பும் உடும்பும் வந்துபோயிருந்தன. அதற்கு மேல் இதை எழுத வேண்டாம், நீ இருக்கிற நிலையில் படிக்கவும் வேண்டாம். தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கேட்டதற்கு, காற்றில் பெட்டி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

பெட்டி போன பிறகும் நாலைந்து சாயங்காலம் அந்த இரண்டு பெரிய பறவைகளும் வந்தன. வெறும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒன்றின் காலில் எலி தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்காகக் கொண்டுவந்தது. நான் லயத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன் அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். அதைக் கண்ணால் பார்க்கும்படி ஆனது எனக்கு.

மூன்று மாதம் கழித்து நீ பிறந்தாய். ஒரு குறையும் இல்லை, லயமே எழுந்து உட்காரும்படி ஒரு குரல். தோட்டத்து மருந்தகத்து நர்ஸ் துணியில் சுற்றி உன்னை என்னிடம் நீட்டினாள். நான், "கை அழுக்கா இருக்கு" என்றேன். உண்மையில் அழுக்கு இல்லை. அந்தக் கையால்தான் பெட்டியைத் தூக்கினேன். இன்னொரு உயிரின் பிள்ளைகளைப் பிரித்த கை உன்மேல் பட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தேன். மறுநாளும் ஒரு சாக்குச் சொன்னேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. உனக்குக் காய்ச்சல் வந்தால் வாசலில் நின்று பார்ப்பேன். முனியாண்டி கோயிலில் யாருக்கும் தெரியாமல் ஒரு சேவல் விட்டேன். ஐந்து குஞ்சுக்கு ஒரு சேவல், சாமி அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. இப்படியே பதினாலு மாதம் போயிற்று.

அதை முடித்து வைத்தவள் நீதான். ஒரு மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். தட்டுத்தடுமாறி வந்து, அனுமதி எதுவும் கேட்காமல் என் மடியில் உட்கார்ந்து, தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புடிச்சுக்கங்களேன், கரைஞ்சா போயிருவா?" என்றாள். பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தாய், கனமாக இருந்தாய், உன்மேல் கருவாட்டு வாசனை. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை உன்னைக் கீழே விடவில்லை என்று உன் அம்மா சொல்லுவாள்.

ஆனால் அவள் ஊருக்குச் சொன்ன கதை வேறு. பிள்ளை பிறந்து ஒரு வருஷம் வரைக்கும் அப்பா தொடவே இல்லை, பையன் பிறக்கவில்லை என்று கோபம், என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போது அவளுக்கு வேறு காரணம் தெரியாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று, மறுக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நினைவிருக்கிறதா? மருதாணி வைத்த கையோடு உட்கார்ந்திருந்த நீ, கேலி பேசிய பெண்களிடம், "எங்கப்பாவுக்குப் பையன்தான் வேணுமாம். நான் பொறந்தப்ப தூக்கவே இல்லையாம்லா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் சிரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாய், நான் ஏதாவது சொல்லுவேனா என்று. நான் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டேன்.

பாப்பா, பையன் வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்குப் பின்னால் வேறு பிள்ளை வரவில்லையே என்றும் வருத்தப்பட்டதில்லை. நீ பெண்ணாகப் பிறந்ததால் நான் உன்னைத் தொடாமல் இருக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல முப்பத்தொரு வருஷம் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் அந்தக் குஞ்சுகள் ஒன்று, இது இன்னொன்று. இரண்டில் இதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது.

முந்தாநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் கோப்பி கிடைக்கவில்லை. பிறகு வந்து, "முப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே. அந்தப் புள்ள மனசு என்னா பாடு பட்டிருக்கும்?" என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் நான் காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புவேன். வாந்தியும் மயக்கமுமாக அவள் தனியாகக் கிடப்பாள். சாயங்காலம் பாத்திரம் தேய்க்கப் பின்னால் போனால் குஞ்சுகள் துவாரத்தில் வந்து எட்டிப் பார்க்குமாம். அவற்றோடு பேசிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாளாம். "அதுங்க இருந்தது எனக்கு ஒரு தொணையா இருந்துச்சுங்க. திடீர்னு ஒரு நாள் காணோம். ரெண்டு நாள் அழுதேன். நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல." அவளுக்காக என்று நான் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்கிறேன்: மாப்பிள்ளை உனக்காக என்று ஏதாவது செய்தால், எதற்காகச் செய்கிறார் என்று கேள். நீயும் உன் பயத்தை அவரிடம் சொல்லு. மாமியாராயிற்றே என்று தயங்காமல் அத்தையிடமும் சொல்லு. அவர் பேச்சுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு பழைய பயம் இருக்கும்.

கடிதத்தை நேற்று இங்கே நிறுத்தியிருந்தேன். உன் அம்மா படித்துவிட்டு, "ஒரே அழுவாச்சியா எழுதியிருக்கீங்க. இங்க நம்ம சந்தோஷமா இருக்கறதயும் எழுதுங்க" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். நாங்கள் இங்கே நன்றாகவே இருக்கிறோம். தோட்டத்தை விட்டு சுங்கை புரோங் வந்து அரிசி ஆலையில் சேர்ந்தபோது, இந்தத் தட்டையான ஊரில் எப்படி இருக்கப் போகிறோம் என்று மலைத்தேன். இப்போது கண்ணுக்கெட்டிய வரை பச்சை இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடந்துவருகின்றன, சம்பளம் வாங்க வந்தவர்கள் மாதிரி. வெள்ளிக்கிழமை கோலா சிலாங்கூர் பசாருக்குப் போய் உன் அம்மாவுக்குப் பிடித்த இறால் வாங்கி வருகிறேன். பாக் மானின் மனைவி வாழைப்பழம் பொரித்தால் வேலிக்கு மேல் ஒரு தட்டு வருகிறது. அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உன் அம்மா வடை சுடுகிறாள். எந்தத் தட்டு யாருடையது என்று இரண்டு வீட்டுக்கும் மறந்துபோயிற்று.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். சூராவில் தொழுகைக்கு அழைக்கிற நேரத்தில் அந்த வெள்ளைப் பறவை பெட்டியை விட்டுக் கிளம்பும். இறக்கைச் சத்தமே கேட்காது. நெல்லுக்கு மேலே தாழ்வாகப் போய், திடீரென்று விழுந்து, எலியோடு எழும்பும். குஞ்சுகளில் பெரியது இப்போது வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று அது வாங்கிய எலியைத் தான் விழுங்காமல், பின்னால் கத்திக்கொண்டிருந்த கடைசிக் குஞ்சுக்குத் திரும்பிக் கொடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பாத்தியா" என்றோம். வயசான காலத்தில் இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்? இத்தனை நாள் இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்ல வாயெடுத்து, உனக்கு நோகும் என்று விழுங்கிவிட்டேன்.

போன குழந்தையைப் பற்றி நாம் யாரும் உன்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்தது வரும் என்று எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். அது தப்பு. அது உன் குழந்தை, எனக்குப் பேரப்பிள்ளை. அதற்காக இந்த வீட்டில் நானும் அழுதேன். ஆனால் அது பறவையால் போகவில்லை, பாப்பா. நீ பளு தூக்கியதாலோ, இங்கே வந்ததாலோ போகவில்லை. டாக்டர் உன்னிடம் சொன்னதையேதான் நானும் சொல்கிறேன், அவரை நம்பு. நீ பிறந்தபோது எந்தச் சாக்குருவியும் கத்தவில்லை, நான்தான் வாயை அடைத்துவிட்டேனே. அப்படியிருந்தும் உன்னுடைய பதினாலு மாதத்தை நான் இழந்தேன். நீ இந்த மாதங்களைப் பயந்தே கழித்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

நீ வந்தால், பின்பக்கத்து ஜன்னலை வேண்டுமானால் சாத்தி வைக்கிறோம். உனக்குப் பிடித்தால் மூன்றாவது நாற்காலி போடுகிறோம். குஞ்சுகள் பறந்த பிறகும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், பாக் மானும் நானும் சேர்ந்து பெட்டியை இறக்கி, வயலின் அந்தக் கோடியில் வேறு கம்பம் நட்டுக் கட்டிவிடுகிறோம். இல்லை, ஜொகூரில்தான் பெற்றுக்கொள்வேன் என்றால் அதுவும் சரி. எங்களுக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. உன் அம்மா இப்போதே துணிப் பெட்டி கட்டத் தயார். வலி எடுத்ததும் மாப்பிள்ளையைப் போன் பண்ணச் சொல்லு, கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வந்துவிடுவோம்.

எங்கே பெற்றாலும் எனக்கு ஒன்று செய். குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வருகிற நர்ஸ், யாரிடம் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் பார்ப்பாள். மாப்பிள்ளை வாங்கிய கையோடு என்னிடம் கொடுக்கச் சொல். ஆணோ பெண்ணோ, இந்தத் தடவை நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

உன்
அப்பா